கடைமடைக்கு முதல் தண்ணீர்

என் கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளைக்கு நெல்லை ஜங்ஷன் பக்கம் லேத் பட்டறையில் வேலை என்று சொன்னார்கள். அது பொய்யில்லை. நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடுதான் அவர் பெண் பார்க்க வந்தார். எனக்கு அது பிடித்தும் இருந்தது. டவுனில் ஒரு வாடகை வீடு, பின்பக்கம் குழாய், சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் ஒரு நடை என்று நான் மனசுக்குள்ளேயே குடித்தனம் நடத்திவிட்டேன். கல்யாணமான அந்தப் பிசான நெல் பருவத்திலேயே மாமனாருக்குக் கையும் காலும் விழுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வந்தார்கள். "ஒரே ஒரு பூவுக்குக் குளத்தப் பாத்துக்கோப்பா. அறுப்பு முடிஞ்சதும் நீ ஒன் பட்டறைக்குப் போயிரலாம்" என்றார்கள். எங்கள் பக்கம் பூ என்றால் ஒரு போகம். அந்த ஒரு பூ இன்னும் முடியவில்லை. அதற்குப் பிறகு பிறந்த எங்கள் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

மாமனார் எங்கள் ஊர்க் குளத்துக்கு நீர்பாய்ச்சி. தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய் குளத்தை நிரப்பும். குளத்து மடையைத் திறந்து, யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது நீர்பாய்ச்சியின் பொறுப்பு. வயல்காரர் எவரும் மடையில் கை வைக்கக் கூடாது. தன் வயலுக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் நுழையும் வாமடையைத் தானே வெட்டிக்கொண்டாலும் குற்றம்தான். இதற்குக் கூலி, அறுவடைக் களத்தில் ஆளாளுக்கு அளக்கும் நெல். குளத்துப் புறம்போக்கில் ஒரு வீடும் உண்டு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. நீர்பாய்ச்சி வீட்டுக்கு அந்தக் குளத்துப் பாசனத்தில் ஒரு செண்டு நிலம்கூட இருக்கக் கூடாது. காரணம் கேட்டால், "தேன் எடுக்கவன் பொறங்கைய நக்காம இருப்பானா?" என்பார்கள். அதனால் நாக்கே இல்லாத குடும்பமாகப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் நிலம் சேராமல் போனது எங்கள் சோம்பேறித்தனத்தால் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. நாங்கள் நிலம் சேர்க்காமல் இருப்பதுதான் எங்கள் வேலையே.

இன்னொரு விதி தண்ணீர் குறைந்த காலத்துக்கு. குளம் பாதிக்குக் கீழே போய்விட்டால் கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்கு முதலில் விட்டு, அங்கிருந்து படிப்படியாக மேலே வர வேண்டும். குளத்துக்குப் பக்கத்து வயல்களுக்கு ஊற்று ஈரம் எப்படியும் கொஞ்சம் இருக்கும், அவை சில நாள் தாங்கும். அதோடு, முதலிலேயே கடைசி வரை ஓடிவிட்டால் வாய்க்கால் தன் பங்குக்குக் குடிப்பதைக் குடித்து நனைந்துவிடும், பிறகு விடுகிற தண்ணீர் வீணாகாது. இதை யோசித்தவர் யாரோ, நல்ல மூளைக்காரர். எத்தனை கோபத்திலும் இதை நான் மறுத்ததில்லை.

ஆனால் அந்த மூளைக்குள் குடியிருப்பது எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்க வேண்டும். கால்வாயில் தண்ணீர் திறந்தால் அறுவடை வரைக்கும் என் வீட்டுக்காரர் ஊரை விட்டு நகர முடியாது. தூத்துக்குடியில் என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர், தாலி கட்டி முடித்ததும் பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். புருஷன் எங்கே என்று கேட்டவர்களிடம் எல்லாம், "கொளம் கூப்பிட்டுட்டு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் அவர் டீக்கடையில் யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு முருங்கைக்காயை நான் கை நீட்டி வாங்கக் கூடாது. ஒருத்தி வெள்ளிக்கிழமைப் பொங்கல் கொண்டு வந்தால், அவள் வீட்டு வயலின் முறை எப்போது என்று யோசித்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட வேண்டும். யாரோடும் சண்டையும் போட முடியாது, ரொம்பச் சிநேகமாகவும் இருக்க முடியாது. இந்த ஊரில் எனக்குச் சினேகிதி என்று ஒருத்தியும் இல்லை.

அவருக்கு வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. மடைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டே குளம் எந்தப் படியில் இருக்கிறது என்பார். வரப்பில் நண்டு வளை இருந்தால் வாய்க்கால் தண்ணீரின் போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். இதையெல்லாம் கேட்கவும் படம் எடுக்கவும் இப்போது டவுனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மரபு அறிவு, நீர் மேலாண்மை என்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். மடை ஷட்டர் கம்பியில் காதை வைத்துக் கேட்பதை இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லி, வெயில் சரியில்லை என்று மறுபடியும் செய்யச் சொல்வார்கள். இவரும் சலிக்காமல் காதை வைப்பார். ஒரு தடவை அதில் ஒரு பெண் என்னிடம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு இதுல என்னென்ன தெரியும்?" என்று கேட்டது. "எத்தன பேருக்கு டீ போடணும்னு தெரியும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த விதிகளை எல்லாம் அவர்கள் ஆசையாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். நிலம் இருக்கக் கூடாது என்கிற விதியைக் கேட்டதும், "எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!" என்று ஒருவர் கண் கலங்கினார். அவருக்கு எந்த ஊரிலாவது நிலம் இருந்திருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் என் அப்பா இறந்தார்.

எங்கள் குளம் இரண்டு ஊருக்குப் பாயும். கடைமடை ஊர்தான் என் பிறந்த ஊர். அப்பா பாதி ஆயுள் அடுத்தவர் வயலைக் குத்தகைக்கு உழுது, கடைசிக் காலத்தில் ஒரு சின்ன வயலைச் சொந்தமாக வாங்கியிருந்தார். வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிற வயல். என் அண்ணன் கோயம்புத்தூரில் மில் வேலை. காரியம் முடிந்த அன்று அவனே சொன்னான்: "நான் எங்க வந்து உழப்போறேன்? நீ எடுத்துக்கோ. அப்பாவும் அதத்தான் நெனச்சாரு."

நான் அழுதுகொண்டிருந்தவள்தான். ஆனாலும் உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. வயல் கிடைத்த சந்தோஷம் பாதிதான். எனக்கு வயல் வந்துவிட்டால் விதிப்படி அவர் நீர்பாய்ச்சியாக இருக்க முடியாதே! வேலை தானாகப் போய்விடும். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அப்பாவின் பழைய வீடு பூட்டித்தான் கிடக்கிறது, அங்கே குடி போகலாம், அவர் பட்டறைக்குப் பஸ்ஸில் போய் வரலாம். நான் இந்த ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அங்கிருந்து நடந்தே வந்துவிடுவேன். இத்தனை வருஷம் எங்களைக் கட்டிப்போட்ட கயிறே இப்போது அவிழ்த்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பெட்டியைக்கூடத் துடைத்து வைத்தேன்.

குளத்துக் கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. சாதாரணமாக அங்கே பெண்கள் போவதில்லை. வயல் என் பேரில் என்பதால் நானும் போய் ஓரமாக நின்றேன். குளத்துச் சங்கத் தலைவர் பெரிய வயல்காரர், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மெதுவாகப் பேசுவார், யார் மனசும் நோகாமல் பேசுவார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்பம் என்ன? அது இவன் மாமனார் வழியில வந்த வயலு. அதுவும் அந்தப் பிள்ள பேர்லதான இருக்கு, இவன் பேர்ல இல்லியே. காலத்துக்குத் தக்கன நாமளும் மாறணும்வே" என்றார்.

மாமியாரின் பிறந்த வீட்டில் கொடுக்க வந்த ஒரு துண்டு நிலத்தை இதே கூட்டம்தான் வேண்டாம் என்று சொல்ல வைத்தது. மாமியார் சாகும் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஒருவர், "அண்ணாச்சி, தேன் எடுக்கவன்..." என்று ஆரம்பித்தார்.

"இவனுக்கு நக்கத் தெரியாதுவே! நம்ம பாக்காத பயலா?" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "விதின்னா விதிதான அண்ணாச்சி? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. வேற ஆளப் போட்டுருங்க" என்றேன்.

"யாரப் போட, தாயி? நீயே ஒரு பேரச் சொல்லு. இப்பமே போட்டுருவோம்."

நான் சுற்றிப் பார்த்தேன். நிலம் இருக்கிறவர்கள் எல்லாம் அங்கே நின்றார்கள். அவர்கள் விதிப்படி ஆகாது. நிலம் இல்லாத வீட்டுப் பையன்கள் திருப்பூரிலும் துபாயிலும் இருந்தார்கள். வருஷம் முழுக்கக் குளத்தோடு கட்டிக்கிடக்க, நெல்லை அளந்து வாங்கிக்கொள்ள, டீ குடிக்காமல் இருக்க எவன் வருவான்? வெட்கத்தைச் சொல்வதற்கென்ன, எனக்கும் ஒரு பேர் வாயில் வரவில்லை.

அத்தனை தலைமுறை மாறாத விதி, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் மாறிவிட்டது. எங்களை உள்ளே வைத்திருக்க வேண்டுமென்றால் அது வளையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, ஒங்களுக்கு இதுலருந்து வெளிய போவவே ஆச இல்லியா?" என்றேன்.

"ஆச இல்லாமலா? ஆனா நான் போயிட்டா கொளத்த யாரு பாப்பா, ஏளா?"

இலவு காத்த கிளி என்பார்களே, நான் காத்தது இலவுகூட இல்லை.

சரி, வயலாவது இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பிசானத்துக்கு நாற்று பாவி நட்டோம். நடுகையன்று என் மகளும் சேற்றில் இறங்கினாள். கோணல்மாணலாக ஒரு வரிசை நட்டுவிட்டு, "இது என் வயலு" என்றாள். "ஆமா, ஒனக்குத்தான்" என்றேன். சொந்த வயலில் கால் வைப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களைக் கணக்குப் பார்த்துவிட்டு நேராக வயலுக்குப் போய் வரப்பில் நிற்பேன். அங்கே ஒரு வேலையும் இருக்காது. சும்மா நிற்பேன்.

அந்த வருஷம் வடகிழக்கு மழை ஏமாற்றிவிட்டது. பாபநாசத்து அணையில் தண்ணீர் இறங்க இறங்கக் கால்வாயை அடைத்து அடைத்துத் திறந்தார்கள். பயிர் பொதி கட்டுகிற நேரம், அதாவது கதிர் இன்னும் தண்டுக்குள்ளேயே இருக்கிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் வருகிற கதிர் எல்லாம் பதர்தான். குளம் பாதிக்குக் கீழே போய்விட்டது. இனிமேல் கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று ஊரில் சாட்டியாயிற்று. கடைமடையிலும் கடைசி வயல் எங்களுடையது. விதிப்படி முதல் தண்ணீர் எங்களுக்கு.

நான் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வயலுக்குப் போய்விட்டேன். வரப்பில் ஊர்க்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குறைச்சல் காலத்தில் எல்லாரும் வந்து நிற்பார்கள், அது வழக்கம். தண்ணீர் வாய்க்காலில் பைய ஊர்ந்து வந்தது, முன்னால் சருகைத் தள்ளிக்கொண்டு. என் மகள், "வருது, வருது" என்று குதித்தாள். தண்ணீருக்கு முன்னாலேயே அவரும் மம்பட்டியோடு நடந்து வந்தார். எங்கள் வாமடைக்கு வந்ததும் நின்றார். வரப்பில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு கரையிலிருந்து மண்ணை வெட்டி எங்கள் வாமடையில் போட்டு, மிதித்து, நன்றாக அடைத்துவிட்டு, பக்கத்து வயலின் வாமடையைத் திறந்துவிட்டார்.

"ஏங்க..." என்றேன்.

"நம்மளுக்குக் கடைசியா பாத்துக்கிடலாம்."

வரப்பில் நின்ற அத்தனை பேருக்கும் விதி தெரியும். ஒருவர்கூட, "ஏலே, கடைமட அதுதாம்லே" என்று சொல்லவில்லை. சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். சிலர் மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார்கள். பக்கத்து வயல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்: "விதிப்படி மொதத் தண்ணி நமக்குத்தான?"

"நமக்குத்தான்."

"பொறவு?"

"எல்லாவனும் நின்னு பாக்கான். பொண்டாட்டி வயலுக்கு மொதத் தண்ணி உட்டான்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லிட்டாம்னா, பொறவு நான் மடையில கை வைக்க முடியாது, ஏளா."

"வைக்காண்டாம். அதத்தான நானும் இத்தன வருசமா சொல்லுதேன்!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தக் கையை எனக்குப் பிடிக்கவில்லை. ஒருகாலத்தில் எண்ணெய்க் கறைக்காக எனக்குப் பிடித்திருந்த கை அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரியே என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நான் எந்தக் கோயிலில் போய் முறையிடுவது?

மறுநாள் பள்ளியிலிருந்து நேராக மம்பட்டியோடு வயலுக்குப் போனேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மிதித்து அடைத்த மண்ணில் அவர் காலடி அப்படியே இருந்தது. நான் ஒரு வெட்டு வெட்டினால் போதும், தண்ணீர் உள்ளே பாய்ந்துவிடும். பட்டப்பகல், பக்கத்தில் ஆட்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தேனெடுத்த வீடு புறங்கையை நக்கிவிட்டது என்பார்கள். அபராதம் விதிக்கக் கூட்டம் கூடும், குற்றத்தைச் சொல்ல வேண்டியவர் நீர்பாய்ச்சி. அவரும் சொல்வார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு நியாயமாக வரவேண்டிய தண்ணீர், நான் எடுத்தால் திருட்டு. மம்பட்டியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெட்டாமல் திரும்பி வந்தேன். அப்படி ஒரு ஆத்திரம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்தக் கடைசி வரவேயில்லை. மேலே மேலே போய்த் தலைமடை வயல்கள் முடியும்போது தண்ணீர் மடைக் கல்லுக்குக் கீழே போய்விட்டது. களிமண் வயல் வெடிக்க ஆரம்பித்தால் எங்கள் பக்கம் கையை வைத்துத்தான் பார்ப்போம். வெடிப்பில் விரல் போகிற வரைக்கும் பயிர் தாங்கும், கை போனால் தாங்காது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் கை மணிக்கட்டு வரைக்கும் போனது. சுற்றிலும் வயல்கள் கதிர் தள்ளி நின்றன. நடுவில் எங்களுடையது மட்டும் வைக்கோல் நிறத்தில் நின்றது. மகள் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் கருகுது என்று அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அறுப்பு முடிந்ததும் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தார் நாட்டு வாழைப்பழம். "மொறதான் முடிஞ்சிட்டே, இனி வாங்கிக்கிடலாம்" என்று சிரித்தார். பிறகு என் வீட்டுக்காரரின் தோளில் கையைப் போட்டு, "இப்பிடி ஒரு நீர்பாய்ச்சி இனி இந்த ஊருக்குக் கெடைக்கமாட்டான். பெத்த அப்பனயே மிஞ்சிட்டான். ஆயுசுக்கும் நீதாம்லே!" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ குடுத்து வச்சவ, தாயி" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

அடுத்த போகத்துக்கு நெல்லே வேண்டாம், உளுந்து விதைத்துவிடலாமா என்று யோசித்தேன். உளுந்துக்கு முறை வேண்டாம், பனி ஈரம் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அவரிடம் சொன்னேன். "சுத்தி நெல்லு நிக்கும்போது நடுவுல உளுந்து நிக்குமா? பக்கத்து வயலுத் தண்ணி கசிஞ்சு வேரு அழுவிப்போவும்" என்றார். அவர் சொன்னது சரி. நெல்லுக்கு வராத தண்ணீர் உளுந்துக்கு மட்டும் வந்துவிடும்.

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. புத்தகத்தில் இருப்பதோடு உள்ளூர் அறிவையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, வெள்ளிக்கிழமைகளில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்க ஆரம்பித்தார். பத்தமடைப் பக்கமிருந்து கோரைப் பாய் நெய்கிற அம்மாள் ஒருவர் வந்தார். அடுத்து என் வீட்டுக்காரர். நான்தான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன். சமையலறை வாசலில் நின்றால் வகுப்பு தெரியும். சாதம் வடிந்துகொண்டிருந்தது, நான் வாசலில் வந்து நின்றேன். முன்வரிசையில் என் மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

அவர் நன்றாகப் பேசினார். வீட்டில் வாயே திறக்காத மனுஷனா என்று இருந்தது. தண்ணீர்ச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சொல்லச் சொல்ல ஆசிரியை கரும்பலகையில் ஒவ்வொரு விதியாக எழுதினார். எழுதியதைப் பிள்ளைகள் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். மடையில் நீர்பாய்ச்சி தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. பயிர் பொதி கட்டும்போது தண்ணீர் நிற்கக் கூடாது. குளம் பாதிக்குக் கீழே போனால் கடைமடைக்கு முதல் தண்ணீர்.

நான் யோசித்துச் செய்யவில்லை. வாசலில் நின்றபடியே பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கினேன். ஆசிரியை சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றார்.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "கடைமடைக்கு மொதத் தண்ணின்னா, இந்தத் தடவ கடைசி வயலு ஏன் கருகிச்சு?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பொய் சொல்வார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவருக்குப் பொய் வராது. அதுதானே எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம்.

"அது நம்ம வயலு" என்றார். "அதான்."

ஆசிரியைக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. "ஓ, அப்படியும் ஒரு விதி இருக்கா?" என்று ஆர்வமாகக் கேட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்து மற்ற விதிகளுக்குக் கீழே எழுதினார். என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. நான் சொல்ல வாய் எடுத்தேன், அதற்குள் ஆசிரியை எழுதி முடித்துவிட்டார்.

நீர்பாய்ச்சி வீட்டு வயலுக்குக் கடைசித் தண்ணீர்.

பிள்ளைகள் சேர்ந்து உரக்கச் சொன்னார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே என் மகளின் குரல் கேட்டது.